பக்கம் எடுப்பதும் கணக்கு வைப்பதும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவை ஆற்ற என்னை அழைத்த தோழர்களுக்கும், தேர்வு நெருங்கும் நேரத்திலும் இவ்வளவு பெருந்திரளாக வந்திருக்கும் மாணவர்களுக்கும் என் நன்றி.

நாம் யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ, அந்த ஐயாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வரலாற்று நூலைப் பற்றிப் பேசினாலும், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில், "சரி, இதில நம்ம சனங்க எங்க இருந்தாங்க?" என்பார். மன்னர்களின் போரானாலும் கட்சிகளின் மாநாடானாலும் அவர் கேட்பது இந்த ஒரே கேள்விதான். அதை இன்று இரண்டாம் உலகப்போரின் முன் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

ஏன் அந்தப் போர்? ஒரு பக்கம் முழு நன்மை, மறுபக்கம் முழுத் தீமை என்று உலகம் ஏறத்தாழ ஒத்துக்கொண்ட போர் அது. அதனாலேயே நம் மாணவர்கள் நடுவே இன்று மூன்று விதமான பேச்சுகள் உலவுகின்றன. முதலாவது பாடப்புத்தகப் பேச்சு: நேச நாடுகள் உலகைக் காப்பாற்றின, அத்துடன் கதை முடிந்தது. இரண்டாவது, கொஞ்சம் படித்தவர்களின் பேச்சு: சர்ச்சில் காலத்தில் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள், ஆகவே ஹிட்லரும் சர்ச்சிலும் ஒன்றே, யார் வென்றால் நமக்கென்ன. மூன்றாவது ஆபத்தான பேச்சு: ஹிட்லர் எப்படியானாலும் ஒரு 'ஆளுமை', அவனைப் போல் ஒருவன் வந்தால்தான் நாடு உருப்படும். ஹிட்லரின் தன்வரலாறு ரயில் நிலையப் புத்தகக் கடைகளில் தன்னம்பிக்கை நூல்களுக்குப் பக்கத்தில் விற்கும் நாடு இது. ஆகவே இந்தப் பேச்சை நாம் வேடிக்கையாக ஒதுக்கிவிட முடியாது.

இந்த மூன்றையும் மறுக்கவே இன்று பேசுகிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: ஒடுக்கப்பட்டவர்களுக்கு நடுநிலை என்ற வசதி பெரும்பாலும் வாய்ப்பதில்லை. பக்கம் எடுத்தே ஆகவேண்டும். ஆனால் பக்கம் எடுத்த பிறகு அந்தப் பக்கத்தின் குற்றங்களுக்கு எழுதிவரும் கணக்கை மூடிவிடக் கூடாது. இந்த இரண்டையும் ஒருசேரச் செய்ய முடியுமா? அந்தப் போர்க் காலத்தில் நம்மைப் போன்றவர்கள் செய்ய முயன்றார்கள். சிலர் தோற்றார்கள்.

1. வென்றவர்களின் கணக்கு

1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். இந்தியர் ஒருவரிடமும் கேட்கவில்லை. 1941 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் அட்லாண்டிக் சாசனத்தை வெளியிட்டார்கள். எல்லா மக்களுக்கும் தங்கள் அரசைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு என்றது அது. மறுமாதமே சர்ச்சில் நாடாளுமன்றத்தில் எழுந்து, நாஜிகளிடம் சிக்கிய ஐரோப்பிய நாடுகளையே தாங்கள் மனதில் கொண்டதாகவும், இந்தியாவின், பர்மாவின் சங்கதி வேறு என்றும் விளக்கம் சொன்னார். அதே இந்தியாவிலிருந்து 25 லட்சம் பேர் அவருடைய படையில் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 87,000 பேர் மாண்டார்கள்.

1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது அங்கிருந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் மலைகளையும் காடுகளையும் கடந்து நடந்தே தாய்நாடு திரும்பினார்கள். துறைமுகக் கூலிகள், நெல் ஆலைத் தொழிலாளர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள் என்று தமிழர்களும் தெலுங்கர்களும் அந்தக் கூட்டத்தில் ஏராளம். வெளியேறும் வழியிலும் நிறம் பார்க்கப்பட்டது. வாகன வசதியும் உணவும் தங்குமிடமும் கொண்ட பாதைகள் வெள்ளையருக்கும் வசதி படைத்தவர்களுக்கும் கிடைத்தன. மற்றவர்களுக்குக் கிடைத்தவை மலேரியாவும் காலராவும் அட்டைக்கடியும்தான். ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே விழுந்து செத்தார்கள்.

அடுத்து வங்காளம். ஜப்பான் வந்துவிடும் என்ற பயத்தில், 1942இல் கடலோர மாவட்டங்களில் உபரி அரிசியை அரசு அப்புறப்படுத்தியது. ஆயிரக்கணக்கான படகுகளைப் பறிமுதல் செய்தது, அழித்தது. மீனவனுக்குப் படகு போனால் பிழைப்பு போயிற்று. பர்மா அரிசியும் நின்றது. புயல் வேறு விளைச்சலைக் கெடுத்தது. போர்ச் செலவுக்காக அச்சடித்த பணம் விலைவாசியை ஏற்றியது. வணிகர்கள் பதுக்கினார்கள். அவர்கள் இந்தியர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். கல்கத்தாவின் ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் முன்னுரிமை கொடுத்து அரிசி ஒதுக்கப்பட்டது. தானியம் அனுப்பக் கப்பல் கேட்ட கோரிக்கைகளை லண்டன் போர் அமைச்சரவை பலமுறை தட்டிக்கழித்தது. அரசு அமைத்த விசாரணைக் குழுவே 15 லட்சம் பேர் இறந்தார்கள் என்றது. பின்வந்த ஆய்வாளர்கள் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். யார் செத்தார்கள்? அமர்த்தியா சென்னின் ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது: நிலமற்ற விவசாயக் கூலிகள், மீனவர்கள், கிராமத்துக் கைவினைஞர்கள். ஒரு பிடி நிலமும் இல்லாதவர்கள். அவர்களின் சாதி என்ன என்று இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு இந்தியாவோடு முடியவில்லை. சுதந்திரத்துக்காகப் போரிட்ட அமெரிக்காவின் ராணுவம் நிறத்தால் பிரிக்கப்பட்ட ராணுவம். செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பினத்தவர் கொடுத்த இரத்தத்தைக்கூடத் தனியாகப் பிரித்து வைத்தது. ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேரை, அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள், முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். 1944 டிசம்பர் 1 அன்று செனகலின் தியாரோய் முகாமில், ஜெர்மானியச் சிறையிலிருந்து மீண்டுவந்த ஆப்பிரிக்கப் படைவீரர்கள் சம்பளப் பாக்கியைக் கேட்டார்கள். அவர்கள் யாருக்காகப் போரிட்டார்களோ அந்த பிரெஞ்சு ராணுவமே அவர்களைச் சுட்டுக் கொன்றது. 1945 மே 8 அன்று ஐரோப்பா வெற்றி விழா கொண்டாடியது. அதே நாளில் அல்ஜீரியாவின் செத்தீஃபில் விடுதலைக் கொடி தூக்கியவர்கள் மீது துப்பாக்கி வெடித்தது. அடுத்த சில வாரங்களில் பிரெஞ்சுப் படை ஆயிரக்கணக்கான அல்ஜீரியர்களைக் கொன்று குவித்தது. டோக்கியோ, ஹிரோஷிமா, நாகசாகி பற்றி உங்களுக்குத் தெரியும்.

மார்த்தினிக் தீவின் கவிஞர் எமே செசேர் 1950இல் ஒரு வாதத்தை முன்வைத்தார். ஐரோப்பா ஹிட்லரை மன்னிக்காததற்குக் காரணம், அதுவரை அராபியருக்கும் இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் செய்துவந்ததை அவன் வெள்ளையருக்கே செய்துவிட்டான் என்பதுதான் என்றார். அதற்கு ஆதாரம் உண்டு. 1904 முதல் 1908 வரை ஜெர்மனி தன் தென்மேற்கு ஆப்பிரிக்கக் காலனியில் ஹெரேரோ, நாமா மக்களை அழித்தொழித்தது. நாஜி சட்ட வல்லுநர்கள் அமெரிக்காவின் இனப் பாகுபாட்டுச் சட்டங்களைப் படித்துப் பாடம் கற்றார்கள்.

2. அப்படியானால் இரண்டும் ஒன்றா?

இல்லை. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

நாஜி ஜெர்மனி 60 லட்சம் யூதர்களைக் கொன்றது. எண்ணிக்கையை மட்டும் வைத்து நான் வேறுபாட்டைச் சொல்லவில்லை. ஒரு மக்கள் கூட்டம் பிறந்ததே குற்றம் என்று சட்டம் எழுதி, குழந்தை உட்பட அவர்களைத் தேடிப் பிடித்து, ரயிலில் ஏற்றி, அதற்கென்றே கட்டிய கூடங்களில் வைத்துக் கொன்ற அரசு அது. அங்கே சாவுதான் குறிக்கோள். போரில் தோற்றுக்கொண்டிருந்தபோதும் அந்த ரயில்கள் நிற்கவில்லை. ரோமா மக்களையும் லட்சக்கணக்கில் கொன்றார்கள். அவர்களின் மொழிக்கு வேர் இந்தியாவில் இருக்கிறது. 'சமூக விரோதிகள்', 'திருடும் சாதி' என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் அவர்கள். நம் நாட்டுக் குற்றப்பரம்பரைச் சட்டத்தைப் படித்தவர்களுக்கு அந்த மொழி புதிதாக இராது.

அண்ணல் அம்பேத்கர் இந்த வேறுபாட்டைப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே கண்டார். 1942 டிசம்பரில் கனடாவின் கியூபெக்கில் நடந்த பசிபிக் உறவுகள் மாநாட்டுக்காக அவர் எழுதிய அறிக்கையில், யூதர் மீது நாஜிகள் காட்டும் வெறுப்பையும் தீண்டப்படாதோர் மீது சனாதனிகள் காட்டும் வெறுப்பையும் ஒரே தட்டில் வைத்தார். பிறப்பால் மனிதரைத் தரம் பிரிக்கும் கொள்கை ஓர் உலக வல்லரசாக வென்றால் நமக்கு என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதே 1942இன் இறுதியில் பம்பாய் வானொலியில் பேசியபோது, இந்தியத் தொழிலாளர்கள் இந்தப் போரில் நாஜிகளின் தோல்வியை விரும்புவது ஏன் என்று விளக்கினார். தேசியம் ஒரு வழிதான், அதுவே முடிவாகிவிடாது, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற அடித்தளம் இல்லாத விடுதலை தொழிலாளிக்குப் பயன்படாது என்பது அந்த உரையின் சாரம்.

வேறுபாட்டை இன்னொரு விதமாகவும் சொல்லலாம். பிரிட்டனும் அமெரிக்காவும் சுதந்திரம் என்று பொய் சொன்னார்கள். ஆனால் பொய் சொல்லவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. அந்தப் பொய் எழுத்தில் இருந்தது. எழுத்தில் இருப்பதைக் காட்டிச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். 1942 தொடக்கத்தில், கான்சாஸ் மாநிலத்தில் விமான ஆலை உணவகத்தில் வேலை செய்த ஒரு கறுப்பின இளைஞர் 'பிட்ஸ்பர்க் கூரியர்' இதழுக்குக் கடிதம் எழுதினார். வெளியே இருக்கும் எதிரியை வெல்வது ஒரு வெற்றி, உள்ளே இருக்கும் எதிரியை வெல்வது இன்னொரு வெற்றி, இரண்டும் வேண்டும் என்றார். 'இரட்டை வெற்றி' இயக்கம் அப்படிப் பிறந்தது. அரசின் முழக்கத்தை அரசுக்கு எதிராகவே திருப்பிப் பிடிக்கும் வேலை அது. நாஜி அரசிடம் அப்படித் திருப்பிப் பிடிக்க எந்த வாக்குறுதியும் இல்லை. எல்லோரும் சமம் என்று அது ஒருபோதும் சொல்லவே இல்லை.

ஆகவே அன்று பக்கம் எடுப்பதற்கு அளவுகோல், எந்தப் பக்கம் தூய்மையானது என்பதாக இருக்க முடியாது. எந்தப் பக்கம் வென்றால் மறுநாள் காலையில் நாம் உயிரோடும் வாயோடும் இருந்து நம் அடுத்த போராட்டத்தைத் தொடங்க முடியும் என்பதே அளவுகோல்.

இதைச் சொல்லும்போதே, வங்காளத்தில் பட்டினியால் செத்த கூலிக்காரனுக்கு இந்த வேறுபாட்டால் ஒரு பிடிச் சோறும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அவன் சாவை 'பெரிய நன்மைக்காக நடந்த சின்ன இழப்பு' என்று எழுத எனக்கு உரிமையில்லை. எந்தக் கணக்கை மூடக் கூடாது என்று சொன்னேனோ அது அவனுடைய கணக்கு.

3. தண்டவாளத்தின் இரு பக்கமும்

இனி நம் சனங்கள் எங்கே இருந்தார்கள் என்று பார்ப்போம்.

மலாயாவின் பால்மரத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களில் கணிசமானோர் பறையர், பள்ளர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர். செங்கல்பட்டிலும் தென்னார்க்காட்டிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் பண்ணையடிமை வாழ்விலிருந்து தப்பிக் கப்பலேறியவர்களின் பிள்ளைகள். 1942 தொடக்கத்தில் பிரிட்டிஷ் துரைகள் தோட்டத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஜப்பானியர்கள் 'ஆசியா ஆசியருக்கே' என்ற முழக்கத்தோடு வந்தார்கள்.

வந்தவர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். நல்ல சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். அது பலிக்காதபோது தோட்டத்திலும் தெருவிலும் வைத்து மடக்கி லாரியில் ஏற்றினார்கள். தமிழர், மலாய்க்காரர், ஜாவானியர், பர்மியர் என்று ஆசியத் தொழிலாளர்கள் அங்கே வேலை செய்தார்கள். போர்க் கைதிகளான ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர்களும் உழைத்தார்கள். போர்க் கைதிகளில் சுமார் 13,000 பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் 80,000 முதல் ஒரு லட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். கைதிகளிடையே ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், கட்டுப்பாடு இருந்தது, கொதிக்கவைத்த நீரைக் குடிக்கச் சொல்ல ஆள் இருந்தது. தமிழ்க் கூலிகளுக்கு அது எதுவும் இல்லை. 1943இல் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள்.

காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உண்டு. தமிழனுக்கு அப்படி ஒரு கல் இல்லை. 1957இல் வந்த குவாய் நதிப் பாலம் பற்றிய ஆங்கிலப் படம் ஏழு ஆஸ்கார் விருது பெற்றது. அது எடுக்கப்பட்டதே இலங்கையின் கித்துல்கல பகுதியில்தான். படத்தில் ஆங்கிலேய அதிகாரியின் தன்மானம் இருக்கிறது, ஜப்பானிய அதிகாரியின் தன்மானம் இருக்கிறது. தமிழ்க் கூலியின் சாவு இல்லை. அதை எழுத மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர்.சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலோடு வரவேண்டியிருந்தது.

இப்போது இன்னொரு தேதி. 1943 அக்டோபர் 17 அன்று அந்தப் பாதையின் இரு முனைகளும் இணைந்தன. அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார். அக்டோபர் 25 அன்று ரயில் பாதை திறப்பு விழா. எல்லாம் ஒன்பது நாளுக்குள். அந்த இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த பொதுமக்களில் பெரும்பகுதி தமிழர்கள். ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்திய பெண்களில் பலர் தோட்டத்துப் பெண்கள். வாழ்நாளெல்லாம் 'கூலி' என்று மட்டுமே அழைக்கப்பட்டவர்களை அந்தப் படை சீருடை போட்டு நிமிர்ந்து நிற்க வைத்தது. அந்தப் பெருமிதத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் 1944இல் அந்தப் படை பர்மா முனைக்குப் போன வழிகளில் ஒன்று அதே ரயில் பாதை. இந்தியாவை விடுவிக்கப் போன தமிழரின் ரயில் செத்த தமிழரின் மேல் ஓடியது. படைக்கும் பாதைக்கும் ஆதரவு தந்த ஜப்பான் ஒன்றே.

போஸின் தியாகத்தையோ அந்தப் பெண்களின் துணிவையோ இது பொய்யாக்காது. 'எதிரிக்கு எதிரி நண்பன்' என்ற கணக்கில் யாருடைய உடல் செலவில் எழுதப்படுகிறது என்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்தப் பக்கத்திலும் கணக்கு மூடப்பட்டது. தண்டவாளத்தின் கீழே மூடப்பட்டது.

4. அடிமட்டத்திலும் கறை உண்டு

மேலே இருப்பவர்கள் குற்றவாளிகள், கீழே இருப்பவர்கள் எப்போதும் அப்பாவிகள் என்று பேசினால் நமக்கு வசதியாக இருக்கும். வரலாறு அந்த வசதியைத் தருவதில்லை.

மரண ரயில் முகாம்களில் கைதிகளை நேரில் அடித்து வேலை வாங்கிய காவலர்களில் பலர் கொரியர்கள். கொரியா ஜப்பானின் காலனி. ஜப்பானிய ராணுவத்தில் கடைசிச் சிப்பாயும் கொரியனை அறையலாம். அப்படி அறை வாங்கியவன் கைதியை அறைந்தான். போர் முடிந்ததும் நேச நாடுகளின் நீதிமன்றங்கள் 148 கொரியர்களைப் போர்க் குற்றவாளிகளாகத் தண்டித்தன. 23 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். தண்டனைக்கு அவர்கள் 'ஜப்பானியர்'. 1952க்குப் பிறகு ஓய்வூதியம் கேட்டபோது ஜப்பான் அவர்களை 'அந்நியர்' என்றது. அவர்கள் செய்த கொடுமை உண்மை. அவர்களுக்கு நடந்த அநீதியும் உண்மை.

தோட்டத்தில் யார் ரயிலுக்குப் போகவேண்டும் என்று பெயர் எழுதியவர்கள் யார்? பல இடங்களில் கிராணிமாரும் கங்காணிமாரும். அவர்களுக்கு வேண்டியவர்கள் பட்டியலில் தப்பினார்கள், வேண்டாதவர்கள் ஏறினார்கள். எழுத மறுத்தால் எழுதுபவனே லாரியில் ஏறவேண்டும் என்ற பயம் அவர்களுக்கும் இருந்தது. அதிகாரம் எப்போதும் பேனாவைக் கொஞ்சம் மேலே இருக்கும் நம்மவன் கையில்தான் கொடுக்கும். சாதி அடுக்கை அறிந்தவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை.

5. அம்பேத்கரின் தேர்வும் அதன் விலையும்

இப்போது நமக்கே கடினமான இடத்துக்கு வருகிறேன்.

1939 அக்டோபரில் பம்பாய் சட்டமன்றத்தில் போர் குறித்த விவாதத்தில் அம்பேத்கர் ஒரு நிலைப்பாட்டைச் சொன்னார். தன் சொந்த நலனா நாட்டின் நலனா என்று வந்தால் நாட்டின் நலனே முன்னே. நாட்டின் நலனா தீண்டப்படாதோர் நலனா என்று வந்தால் தீண்டப்படாதோர் நலனே முன்னே என்றார். அந்த வரிசை மாறாமல் போர்க்காலம் முழுவதும் நடந்துகொண்டார். 'போர்க்குணமற்ற சாதி' என்று 1890களிலிருந்து ஒதுக்கிவைக்கப்பட்ட, முதல் உலகப்போரில் சேர்த்துக்கொண்டு பிறகு கலைத்துவிட்ட மகர்களுக்காகத் தனிப் படைப்பிரிவு கேட்டார். 1941இல் மகர் ரெஜிமென்ட் உருவானது. 1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார்.

அந்த நாற்காலியில் அவர் இருந்தபோதுதான் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. உணவுத் துறை அவரிடம் இல்லை என்பது உண்மை. அவர் அந்த அரசின் உறுப்பினர் என்பதும் உண்மை. 1943இல் நிலக்கரி தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, சுரங்கத்துக்குள் பெண்கள் இறங்கி வேலை செய்வதற்கு இருந்த தடையை அரசு நீக்கியது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் ஆதிவாசிகளும் ஒடுக்கப்பட்ட சாதியினரும். அந்த முடிவை 1944இல் சட்டமன்றத்தில் நின்று நியாயப்படுத்த வேண்டிய பொறுப்பு தொழிலாளர் துறை உறுப்பினரான அம்பேத்கருடையது. போர் நெருக்கடியால் எடுத்த தற்காலிக ஏற்பாடு என்றார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற கொள்கை அங்கே ஏற்கப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். 1946 பிப்ரவரியில் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

இதை ஏன் சொல்கிறேன்? அண்ணலைக் குறைப்பதற்காக அல்ல. ஒருவரைச் சிலையாக்கி மாலை போட்டால் அவர் எடுத்த முடிவின் கனம் நமக்குத் தெரியாமல் போகும். பக்கம் எடுத்தவர் கையில் கரி ஒட்டாமல் இருக்காது. ஒட்டும் என்று தெரிந்தே அவர் இறங்கினார். இறங்கும்போது என்ன கையில் வைத்திருந்தார் என்பதுதான் முக்கியம். நிர்வாகக் குழுவில் சேர்ந்த அதே 1942 ஜூலையில் நாக்பூரில் அகில இந்திய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பைத் தொடங்கினார். சென்னையின் என்.சிவராஜ் அதன் தலைவரானார். அரசுக்குள் ஒரு கால், அரசிடம் கணக்குக் கேட்கும் தனி அமைப்பில் ஒரு கால். கியூபெக் மாநாட்டுக்கு அனுப்பிய அறிக்கையும் அதே வேலையைத்தான் செய்தது: உலகுக்கு விடுதலை என்கிறீர்களே, அதில் தீண்டப்படாதோர் இருக்கிறார்களா என்று, போர் முடியும் முன்பே நேச நாடுகளைப் பார்த்துக் கேட்டது.

இதற்கு எதிரான உதாரணம் ஜப்பானில் கிடைக்கிறது. அங்கே தீண்டாமைக்கு ஆளான புராக்கு மக்கள் 1922இல் 'சுய்ஹெய்ஷா' என்ற சமத்துவ இயக்கத்தைக் கட்டினார்கள். வீரியமான இயக்கம். சீனப் போர் தொடங்கியபின் அரசின் நெருக்கடியாலும், நாட்டுக்கு விசுவாசம் காட்டினால் சமமாக ஏற்பார்கள் என்ற நம்பிக்கையாலும் போரை ஆதரிக்கும் நிலைக்கு அது நகர்ந்தது. 1942 தொடக்கத்தில் இயக்கமே சட்டப்படி இல்லாமல் போனது. 1946இல் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. இரு நாட்டிலும் ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் அரசின் போரை ஆதரித்தார்கள். ஓரிடத்தில் ஆதரவோடு தனி அமைப்பும் பிறந்தது. மற்றோரிடத்தில் ஆதரவுக்குள் அமைப்பு கரைந்தது. அரசு தேர்வு செய்த பாதை வேறு வேறு என்பதால் மட்டும் இந்த வேறுபாடு வந்துவிடவில்லை. தனியாகக் கணக்கு எழுதும் கை இருந்ததா இல்லையா என்பதும் அதில் அடக்கம்.

6. வெற்றி தானாகக் கூலி கொடுக்காது

போர் முடிந்தது. சரியான பக்கத்தில் நின்றவர்களுக்குக் கிடைத்தது என்ன?

1946 பிப்ரவரியில், படையிலிருந்து அன்றுதான் விடுவிக்கப்பட்ட ஐசக் வுடார்ட் என்ற கறுப்பினச் சிப்பாய், சீருடையோடு பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். தென் கரோலினாவில் போலீஸ் அடித்ததில் இரு கண்களும் போயின. அடித்தவர் விடுதலையானார். 1946இல் வந்த அமைச்சரவைத் தூதுக்குழு பட்டியல் சாதியினரைத் தனி அரசியல் தரப்பாக ஏற்கவே இல்லை. அம்பேத்கர் லண்டனுக்கே போய் முறையிட்டும் பலனில்லை. 1943இல் தொடங்கி பர்மா முனையில் போரிட்ட சமார் ரெஜிமென்ட் 1946இல் கலைக்கப்பட்டது. ரோமா மக்களை நாஜிகள் தொடக்கத்தில் துன்புறுத்தியது இனக் காரணத்தால் அல்ல என்று 1956இல் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் சொல்லி இழப்பீட்டை மறுத்தது. அது இனப்படுகொலைதான் என்று அந்த அரசு ஒப்புக்கொள்ள 1982 ஆயிற்று. ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குப் பலியான கொரியர்களின் நினைவுச்சின்னம் 1970இல் எழுப்பப்பட்டபோது அமைதிப் பூங்காவுக்கு வெளியே நின்றது. உள்ளே வர 1999 வரை காத்திருந்தது. செத்த பிறகும் சேரிக்குத் தனிச் சுடுகாடு என்பது நம் ஊரின் வழக்கம் மட்டும் இல்லை போலும்.

ஆனால் இதே பட்டியலை மறுபுறம் திருப்பியும் படிக்கலாம். வுடார்டின் கண்கள் போனதைக் கறுப்பின அமைப்புகள் விடவில்லை. 1948இல் அமெரிக்க ராணுவத்தில் நிறப் பாகுபாட்டை ஒழிக்கும் ஆணை வந்தது. ரோமா அமைப்புகள் உண்ணாவிரதம் இருந்து, ஊர்வலம் போய், ஆவணம் தேடித்தான் 1982ஐக் கொண்டுவந்தன. மகர் ரெஜிமென்ட் இன்றும் இருக்கிறது. எங்கெல்லாம் கணக்குப் புத்தகத்தை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்களோ, அங்கெல்லாம் கடனில் ஒரு பகுதியாவது வசூலானது. மரண ரயிலில் செத்த தமிழருக்கு அப்படிப் புத்தகம் வைத்திருக்க ஓர் அமைப்பு அன்று இல்லை. அந்தக் கடன் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

7. மாணவர்களுக்கு

இன்றும் போர்கள் நடக்கின்றன. உங்கள் கைப்பேசியில் ஒரு நாளில் நூறு பேர் 'நீ எந்தப் பக்கம்?' என்று கேட்கிறார்கள். அப்போது மூன்று கேள்விகளை நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்தப் பக்கம் வென்றால் அங்கே கீழே கிடப்பவன் வாய் திறக்க முடியுமா? முதல் கேள்வி இது. இதற்கு இரு பக்கத்திலும் ஒரே விடை வராது. வராதபோது 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொல்வது சோம்பேறித்தனம். சில நேரங்களில் கோழைத்தனம்.

நான் ஆதரிக்கும் பக்கம் யாருடைய சாவைக் கணக்கில் எழுதாமல் விடுகிறது? இது இரண்டாவது. இதைக் கேட்டால் உங்கள் பக்கத்துக்காரர்களே உங்களைத் துரோகி என்பார்கள். வங்காளத்தின் பட்டினியைப் பேசினால் நாஜி ஆதரவாளன் என்றும், மரண ரயிலைப் பேசினால் வெள்ளைக்காரன் அடிவருடி என்றும் அன்றே சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும்.

மூன்றாவது: கணக்கு எழுத நமக்கென்று ஓர் அமைப்பு, ஓர் இதழ், ஒரு மேடை இருக்கிறதா? இருந்தால் அதை விற்காமல் வைத்திருக்கிறோமா? இந்த இலக்கியப் பேரவையை நான் அப்படி ஒரு கணக்குப் புத்தகமாகவே பார்க்கிறேன். பெரிய மனிதர்களின் போர்க்கதைகளை எழுத உலகில் ஆயிரம் பேர் உண்டு. லாரியில் ஏற்றப்பட்டவனின் பெயரையும், படகு பறிபோனவளின் பெயரையும், சுரங்கத்துக்குள் இறங்கியவளின் கூலியையும் எழுத நம்மை விட்டால் வேறு ஆள் கிடையாது.

உங்கள் ஊரில் ரங்கூன், பினாங்கு, சயாம் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் இன்னும் இருக்கும். அந்த வீட்டுக் கிழவிகளில் சிலராவது இன்னும் இருப்பார்கள். இந்த விடுமுறையில் போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். கேளுங்கள், எழுதிக்கொண்டு வாருங்கள். அச்சடிக்க வேண்டியது எங்கள் பொறுப்பு.

ஜெய்பீம்.